எத்தனை வருஷத்துக்கு?

குளிர்காலம் வந்துவிட்டால் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாய்சியில் எல்லோர் கண்ணும் ஊருக்கு வடக்கே இருக்கும் போகஸ் பேசின் மலைமேல்தான். பனிச்சறுக்கு ஆடுகிறவர்கள் அதற்காகப் பார்ப்பார்கள். இங்கே குடிவந்த சில வருஷங்களில் நானும் பார்க்கப் பழகிவிட்டேன். என் காரணம் வேறு. மலைகளில் பனி நன்றாக விழுந்த வருஷம் கரண்ட் பில் கொஞ்சம் அடங்கி வரும்.

தெற்கு ஐடஹோவுக்கும் கிழக்கு ஆரிகனின் ஒரு துண்டுக்கும் கரண்ட் கொடுப்பது ஐடஹோ பவர் என்கிற கம்பெனி. ஸ்நேக் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் அவர்களுக்கு 17 நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. மலைப்பனி உருகி ஆற்றில் தண்ணீர் தாராளமாக வந்தால் மலிவான கரண்ட். தண்ணீர் குறைந்தால் வெளியில் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நிலக்கரியை எரிக்க வேண்டும். அந்தச் செலவின் ஏற்ற இறக்கத்தை ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1ஆம் தேதி நம் ரேட்டில் ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். ஆகவே கம்பெனி யாரிடம், என்ன விலைக்கு, எவ்வளவு காலத்துக்கு கரண்ட் வாங்குகிறது என்பது என் வீட்டுச் சமாச்சாரம். இதை நான் உணர்ந்தது தாமதமாகத்தான்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் இருக்கும் கரூர்த் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். கூரையில் சோலார் பேனல் போடலாமா என்று யோசனை. சோலார் கம்பெனிக்காரர் கொடுத்த கொட்டேஷனை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணா, நீங்க 2019லயே போட்டுட்டீங்க. நான் இப்பப் போட்டா மிச்சமாகற கரண்டை என்ன விலைக்கு எடுத்துக்குவாங்க?"

"இப்ப ஒரு விலை இருக்கு. ஆனா அது வருஷா வருஷம் மாறும்."

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "வருஷா வருஷம் மாறுனா நான் எப்படிண்ணா கணக்குப் போடறது? லோன் பத்து வருஷத்துக்கு இல்ல கட்டணும்?"

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது அமெரிக்காவில் இல்லை. எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது காட்டுக்குள் நின்றால் காற்றாலைச் சத்தம் தவிர வேறொன்றும் காதில் விழாது. சித்தப்பா ஒரு காற்றாலையில் பங்கு போட்டார். அப்போது நான் காலேஜில் இருந்தேன். பேங்கில் லோன் கேட்டுப் போய்வந்த அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "கண்ணு, காத்து எவ்வளவு அடிக்கும்னு நான் ஒரு பை நெறய காயிதம் கொண்டு போனேன். மேனேஜர் அதப் பிரிச்சே பாக்கல. ஈ.பி.யோட அக்ரிமென்ட் எத்தன வருஷத்துக்குன்னு மட்டும் கேட்டாரு."

கரூர்த் தம்பியிடம் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, 2015இல் இதே ஐடஹோவில் நடந்த ஒரு வழக்கையும் சொன்னேன். அவர் போன பிறகும் அது மனதைவிட்டுப் போகவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1978ஆம் வருஷம் நவம்பரில் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இங்கே எல்லோரும் அதைச் சுருக்கமாகப் 'பர்ப்பா' என்பார்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திய அடி அமெரிக்காவுக்கு அப்போதும் ஆறவில்லை. வேறு வழிகளில் கரண்ட் எடுக்க யாராவது முன்வந்தால் பெரிய கம்பெனிகள் அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தக்கூடாது என்பதுதான் அந்தச் சட்டத்தில் நமக்கு வேண்டிய பகுதி. கால்வாய் மடையில் ஒரு சின்ன டர்பைன் வைத்தவர், மரத்தூளை எரித்துக் கரண்ட் எடுக்கும் மில்காரர், காற்றாலை வைத்தவர், இப்போது சோலார் போடுகிறவர், யாராக இருந்தாலும் 80 மெகாவாட் வரைக்கும் அந்தப் பகுதிக் கம்பெனி வாங்கியே தீர வேண்டும். விலை? அந்தக் கரண்டைக் கம்பெனி தானே தயாரித்திருந்தாலோ வேறிடத்தில் வாங்கியிருந்தாலோ என்ன செலவாகியிருக்குமோ, அதற்குமேல் கொடுக்க வேண்டியதில்லை. அதாவது வாங்குவதால் மிச்சமாகும் செலவுதான் விலை. சட்டம் போட்டது மத்திய அரசு. விலையையும் ஒப்பந்தக் காலத்தையும் நிர்ணயிக்கும் வேலை, மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளை மேற்பார்க்கும் மாநில ஆணையங்களுடையது.

ஐடஹோவில் அந்த ஆணையத்தில் மூன்று பேர். கவர்னர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும். ஒப்பந்தக் காலத்தை அவர்கள் கையாண்ட விதத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஆரம்பத்தில் 35 வருஷம் வரை கொடுத்தார்கள். 1980களில் அதை 20 ஆக்கினார்கள். 1990களில் 5. 2002இல் திரும்ப 20. ஒரு மனிதர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் விதி மூன்று முறை புரண்டிருக்கிறது.

20 வருஷம் திரும்பி வந்ததும் ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில் காற்றாலைகள் முளைத்தன. ட்வின் ஃபால்ஸ் போகும் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் நிற்பதைப் பார்க்கலாம். முதல் தடவை அதைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் பல்லடம் ரோட்டில் போகிற மாதிரியே இருந்தது. பிறகு சோலார் விலை சரிய ஆரம்பித்தது. 2014இல் ஐடஹோ பவரிடம் சோலார்க்காரர்கள் வரிசை கட்டினார்கள்.

2015 ஜனவரி கடைசியில் கம்பெனி ஆணையத்தின் முன் மனுவோடு போனது. ஏற்கெனவே 461 மெகாவாட் சோலார் ஒப்பந்தங்கள் ஆகிவிட்டன, இன்னும் 885 மெகாவாட்டுக்கு ஆட்கள் கதவைத் தட்டுகிறார்கள், இவ்வளவு கரண்ட் எங்களுக்குத் தேவையே இல்லை, 20 வருஷத்துக்கு விலையைக் கட்டிப்போட்டால் அந்தச் சுமை வாடிக்கையாளர் தலையில் விழும், ஆகையால் காற்றாலை, சோலார் ஒப்பந்தங்களை 20 வருஷத்திலிருந்து 2 வருஷமாகக் குறைத்துக் கொடுங்கள் என்பது மனு. ராக்கி மவுன்டன் பவர், அவிஸ்டா என்ற மற்ற இரண்டு கம்பெனிகளும் தங்களுக்கும் காலத்தைக் குறைக்கச் சொல்லி வந்து சேர்ந்தன. பிப்ரவரியிலேயே ஆணையம் தற்காலிகமாக 5 வருஷம் என்று வைத்துவிட்டு விசாரணைக்குப் போனது.

கம்பெனியின் கணக்கை நான் தள்ளிவிட மாட்டேன். அவர்களுடைய உச்சத் தேவையே அப்போது 3,400 மெகாவாட் சுற்றில்தான். அதுவும் கோடையில் சில நாள், வயல் பம்புகளும் வீட்டு ஏ.சி.க்களும் ஒன்றாக ஓடும் மாலை நேரத்தில். வசந்த காலத்தில் ஆறு கரைபுரண்டு ஓடும்போது, யாரும் ஏ.சி. போடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், 1,300 மெகாவாட் சோலாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நியாயமான கேள்விதான். இந்த மாதிரி வாங்கும் கரண்டின் செலவு முழுக்க முழுக்க வாடிக்கையாளர் பில்லில்தான் ஏறும் என்பதும் உண்மை.

ஆனால் யாருக்காக இந்த மனு என்று கம்பெனி சொன்னதோ, அந்த வாடிக்கையாளர்களே வந்து வேண்டாம் என்றார்கள். இந்த வழக்கில் என்னை அசைத்த இடம் இதுதான்.

எதிர்த்தவர்களில் சூழல் அமைப்புகள் இருந்தன. ஐடஹோ கன்சர்வேஷன் லீக், சியரா கிளப், அணுக்கழிவை எதிர்த்து 1979இல் தொடங்கிய ஸ்நேக் ரிவர் அலையன்ஸ் எல்லாம் வழக்கில் ஒரு தரப்பாகவே சேர்ந்தன. திட்டம் போட்டிருந்த கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் பிழைப்பு அது. ஆனால் சாதாரண பில் கட்டுகிறவர்கள் எழுதி அனுப்பியதைப் படித்தால் வேறொரு குரல் கேட்கும். எங்கள் பெயரைச் சொல்லி இந்தக் கதவை மூடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். இந்த மாநிலத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. கிராமப்புற மாவட்டங்களில் வேலையும் இல்லை, வரி வருமானமும் இல்லை. ஒரு சோலார் பண்ணை வந்தால் கட்டும்போது வேலை, கட்டிய பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரிப்பணம். நிலக்கரிக்காகப் பக்கத்து மாநிலங்களுக்குப் போகும் காசு இங்கேயே நிற்கும். இப்படி ஒருவர் ஒரு காரணம் சொன்னார், இன்னொருவர் இன்னொன்று.

எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். 2 வருஷ ஒப்பந்தத்துக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்?

சித்தப்பாவின் மேனேஜர் கேட்ட அதே கேள்வி. சோலார் பண்ணைக்கு எரிபொருள் செலவு கிடையாது. செலவு அத்தனையும் முதல் நாளே வந்துவிடும். நிலம், பேனல், இன்வெர்ட்டர், கம்பி, எல்லாம் கடன் வாங்கித்தான் வைக்க வேண்டும். போட்ட காசு 15, 20 வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விலை புதிதாக நிர்ணயிக்கப்படும் என்றால் கடன் கொடுப்பவர் மூன்றாவது வருஷத்தைப் பார்ப்பார், அங்கே ஒன்றும் எழுதியிருக்காது. பைலை மூடிவிடுவார். கம்பெனி கேட்டது காலத்தைக் குறைக்க மட்டும்தான், வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று கேட்கலாம். வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே விற்க முடியாதபடி செய்வதும் வாங்காததும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

2015 ஆகஸ்டில் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி கேட்டது அப்படியே கிடைத்தது. 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலை, சோலார் திட்டங்களுக்கு இனி 2 வருஷ ஒப்பந்தம். 20 வருஷத்துக்கு முன்கூட்டி விலையைக் கணிப்பது தவறிப்போகும், கம்பெனி தன் நீண்டகாலத் திட்டத்தை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, ஒப்பந்தமும் அதோடு ஒத்துப்போனால் விலை எப்போதும் நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கும், வாங்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது, இரண்டு வருஷம் முடிந்ததும் புது ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்பவை ஆணையம் சொன்ன காரணங்கள். கால்வாயில் ஓடும் சின்ன நீர்மின் நிலையங்களுக்கு 20 வருஷம் அப்படியே நின்றது. கணிப்பு தவறும் என்பதுதான் காரணம் என்றால், தண்ணீருக்கு மட்டும் அது ஏன் தவறாது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

பாய்சியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் ஸ்நேக் ஆறு குறுக்கே வரும். பாலத்தைத் தாண்டினால் ஆன்டேரியோ என்ற ஊர். ஆறுதான் எல்லை, அந்தக் கரை ஆரிகன் மாநிலம். வெங்காய வயல்கள், உருளைக்கிழங்கு ஆலை, பார்க்க இந்தக் கரை போலவேதான் இருக்கும். கரண்ட் கொடுப்பதும் இதே ஐடஹோ பவர். அங்கேயும் கம்பெனி 2015இல் இதே கோரிக்கையோடு போனது, 2 வருஷமாகக் குறைத்துக் கொடுங்கள் என்று. ஆரிகன் ஆணையம் 2016இல் பதில் சொன்னது. காலத்தைக் குறைக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். அதற்குப் பதிலாக, நிலையான பொது விலையில் நேரடியாக ஒப்பந்தம் போடக்கூடிய சோலார் திட்டத்தின் அளவை 10 மெகாவாட்டிலிருந்து 3 ஆகக் குறைத்தார்கள். கம்பெனி சொன்ன பயத்தைக் காது கொடுத்துக் கேட்டார்கள், அதற்கு ஒரு கடிவாளமும் போட்டார்கள். வருஷத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

ஒரே ஆறு, ஒரே கம்பெனி, ஒரே வெயில். அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இப்போது நிலக்கரிப் பக்கம் வருகிறேன், ஏனென்றால் நீண்டகாலச் சுமை என்ற பேச்சை முழுக்க எடை போட இது வேண்டும். ஐடஹோ பவருக்குச் சொந்த மாநிலத்துக்குள் நிலக்கரி நிலையம் கிடையாது. வயோமிங்கில் ஜிம் பிரிட்ஜரில் மூன்றில் ஒரு பங்கு, நெவாடாவில் நார்த் வால்மியில் பாதி, ஆரிகனில் போர்ட்மேனில் பத்தில் ஒரு பங்கு என்று வெளியில் வைத்திருந்தார்கள். ஒரு நிலக்கரி நிலையம் கட்டும்போது அதன் செலவை நாற்பது, ஐம்பது வருஷத்துக்குப் பிரித்து வாடிக்கையாளரிடம் வசூலிப்பார்கள். போட்ட முதலுக்கு ஆணையம் அனுமதிக்கும் லாபமும் அதில் சேர்ந்து வரும். அந்த நாற்பது வருஷத்தில் நிலக்கரி விலை என்னவாகும், இயற்கை எரிவாயு என்னவாகும் என்று யாரும் சரியாகக் கணிக்கவில்லை. நார்த் வால்மி பாதியில் கட்டுப்படியாகாமல் போனது. நினைத்ததைவிட முன்னதாகவே அதைவிட்டு வெளியேற முடிவெடுத்தபோது, மிச்சமிருந்த செலவை வேகமாக வசூலிக்க ரேட்டை ஏற்றினார்கள். 2017இல் இதே ஆணையம் அதற்கு ஒப்புதல் கொடுத்தது.

வால்மி செலவு வாடிக்கையாளர் பில்லில் வந்ததைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த நிலையம் இந்த ஊருக்குப் பல வருஷம் வெளிச்சம் கொடுத்தது, காசு கேட்பது சரிதான். நான் கேட்பது ஒன்றுதான். கம்பெனி தானே கட்டும்போது நாற்பது வருஷக் கணிப்பை வாடிக்கையாளர் தோளில் தூக்கி வைக்கலாம், வெளியாள் கட்டும்போது இருபது வருஷக் கணிப்பே ஆபத்து என்பது எப்படி? தான் கட்டினால் முதலுக்கு லாபம் உண்டு. வெளியில் வாங்கினால் வாங்கிய விலை பில்லில் போய்விடும், லாபம் இல்லை. இதில் எந்தச் சதியும் இல்லை, இந்தத் தொழில் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. அப்படி அமைந்திருக்கும்போது, ஒப்பந்தக் காலத்தைப் பற்றிக் கம்பெனி சொல்வதை வாடிக்கையாளர் இரண்டு தடவை யோசித்துக் கேட்பதுதான் முறை. 2015இல் வந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

2019 மார்ச்சில் ஐடஹோ பவர் ஒரு பெரிய அறிவிப்பு செய்தது. 2045க்குள் 100 சதவீதம் சுத்தமான கரண்ட். அதோடு சேர்த்து ட்வின் ஃபால்ஸ் மாவட்டத்தின் தெற்கே, நெவாடா எல்லையோரம் ஜாக்பாட் என்ற 120 மெகாவாட் சோலார் பண்ணையிலிருந்து கரண்ட் வாங்கும் ஒப்பந்தம். விலை யூனிட்டுக்கு 2.2 சென்ட்டுக்கும் கீழே. அன்றைக்கு அமெரிக்காவிலேயே மிகக் குறைந்த விலைகளில் ஒன்று. 2022 டிசம்பரில் அந்தப் பண்ணை ஓடத் தொடங்கியது.

ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு? 20.

இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போதும் அந்த விலையை நினைத்தால் சந்தோஷம்தான். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015க்கும் 2019க்கும் நடுவில் சோலார் விலை சரிந்த வேகத்தைப் பார்த்தால், அன்றைக்கு வரிசையில் நின்ற அத்தனை மெகாவாட்டையும் 2015 விலையில் 20 வருஷத்துக்குக் கட்டியிருந்தால் நாம் கூடுதலாகத்தான் கொடுத்துக்கொண்டிருப்போம். அந்த மட்டில் கம்பெனியின் பயம் பலித்தது. ஆனால் ஜாக்பாட் அந்த விலைக்குக் கிடைத்ததே 20 வருஷ ஒப்பந்தம் இருந்ததால்தான். காலம் நீண்டால் பேங்க் வட்டி குறையும், வட்டி குறைந்தால் விலை குறையும். தனக்கு வேண்டிய திட்டத்துக்கு நீண்ட காலத்தின் அருமை கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. விலை பயம் என்றால் விலையைச் சரிசெய்ய வழி தேடியிருக்கலாம். கரண்டின் விலை சந்தையோடு மாறட்டும், ஒப்பந்தம் மட்டும் நீண்டு இருக்கட்டும் என்று நடுவழி ஒன்று உண்டு. 2020இல் மத்திய எரிசக்தி ஆணையமே பர்ப்பா விதிகளைத் திருத்தியபோது மாநிலங்கள் அப்படிச் செய்ய இடம் கொடுத்தது. நோய் விலையில் இருந்தது, அறுத்தது காலத்தை.

பாய்சிக்குத் தெற்கே குனா பக்கம் 40 மெகாவாட் சோலார் பண்ணை ஒன்று இருக்கிறது. கதவு மூடுவதற்கு முன் ஒப்பந்தம் ஆனது, 2016இல் ஓட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்வான் ஃபால்ஸ் அணைக்குப் போகும் வழியில் அந்தப் பக்கமாகத்தான் போவேன். ஸ்வான் ஃபால்ஸ் 1901இல் கட்டியது, ஸ்நேக் ஆற்றின் மிகப் பழைய நீர்மின் அணை. கறுத்த பாறைப் பள்ளத்தாக்கு, மேலே பருந்துகள், கீழே பச்சைத் தண்ணீர். பண்ணை வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினால் சேஜ் புதர் வாசனையும் புழுதியும் வரும். வரிசை வரிசையாகக் கண்ணாடி. அவ்வளவுதான். புகைபோக்கி இல்லை, வண்டி போக்குவரத்து இல்லை, காவலாளிகூட கண்ணில் பட்டதில்லை. ஒரு தடவை என் பெண் கேட்டாள், "அப்பா, இங்க யாருமே வேலை செய்யலையா?" வெயில்தான் வேலை செய்கிறது என்றேன். அன்றைக்கு அவள் கவலை மதியச் சாப்பாட்டைப் பற்றி, அதற்குமேல் கேட்கவில்லை.

கூரைக்கு வருகிறேன். நான் பேனல் போட்டது 2019 ஆகஸ்டில். அப்போதைய விதி எளிது. பகலில் நான் கொடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ராத்திரி ஒரு யூனிட் எடுத்துக்கொள்ளலாம். அந்த அக்டோபரில் கம்பெனியும், ஆணைய ஊழியர் தரப்பும், வேறு பல தரப்பும் ஒரு சமரச உடன்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நாம் கொடுக்கும் யூனிட்டின் மதிப்பைச் சில வருஷங்களில் படிப்படியாகக் குறைப்பது. ஏற்கெனவே போட்டவர்களுக்கும் அதே விதி.

ஊர் கொதித்தது. கடன் வாங்கிப் போட்ட ஓய்வூதியக்காரர்கள், விவசாயிகள், தேவாலயக் கூரையில் போட்டவர்கள் என்று எழுதித் தள்ளினார்கள். நானும் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். மூன்று இரவு உட்கார்ந்து திருத்தினேன். புள்ளிவிவரம் எல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் சித்தப்பா கதையைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதி, இந்த விதியை நம்பித்தான் பேங்கில் கையெழுத்துப் போட்டேன், ஆட்டத்தின் நடுவில் கோட்டை நகர்த்தாதீர்கள் என்று முடித்தேன். என் கடிதம் யார் கண்ணில் பட்டதோ தெரியாது. ஆனால் 2019 டிசம்பர் 20ஆம் தேதி ஆணையம் அந்த உடன்பாட்டை நிராகரித்தது. தங்களுக்கும் இது பொருந்தும் என்று பழைய வாடிக்கையாளர்களுக்குச் சரியாகத் தெரிவிக்கப்படவில்லை என்பதை மக்கள் எழுதியதிலிருந்து ஆணையம் எடுத்துக்கொண்டது. அந்தத் தேதிக்குள் போட்டவர்களுக்குப் பழைய விதியே தொடரும் என்றார்கள். பிறகு அதற்கு ஒரு காலமும் குறித்தார்கள், 2045 டிசம்பர் 20 வரை.

25 வருஷத்துக்கு மேல்! அந்த எண்ணைப் படித்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். 2015இல் வந்து தோற்றவர்களின் நினைப்பு அப்போதுதான் எனக்கு வந்தது. அவர்கள் கேட்டதும் இதைத்தானே? ஒரு தேதி. இன்றைக்குக் கடன் வாங்குகிறவன் எந்த நாள் வரை நம்பலாம் என்று ஒரு தேதி. எனக்கு அது கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கரூர்த் தம்பிக்கும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்து புதிதாகப் போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு. யூனிட்டுக்கு யூனிட் கிடையாது. கொடுக்கும் கரண்டுக்கு ஒரு தனி விலை, நாம் வாங்கும் விலையைவிட பெரும்பாலான நேரம் குறைவு. கோடைக்கால மாலையில் மட்டும், ஊருக்கே கரண்ட் தேவைப்படும் நேரத்தில், நல்ல விலை. அந்த விலைப்பட்டியலை வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். மாலை கரண்டுக்குக் கூடுதல் விலை என்பதை நான் வரவேற்கிறேன், அது அறிவுள்ள ஏற்பாடு. ஆனால் பத்து வருஷ லோனை ஒரு வருஷ விலையை வைத்து எடுக்கச் சொல்வது, என் கண்ணுக்கு, 2015இன் அதே தவறு கூரைமேல் ஏறி உட்கார்ந்திருப்பதுதான். அடுத்த தடவை ஆணையம் கருத்துக் கேட்கும்போது இதைத்தான் எழுதப் போகிறேன். விலை மாறட்டும். போட்ட நாளிலிருந்து பத்து வருஷத்துக்கு இதற்குக் கீழே போகாது என்று ஒரு தரையாவது கொடுங்கள்.

இதை எல்லாம் அன்றைக்குத் தம்பியிடம் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. அவர் கொட்டேஷனைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் தன் வீட்டுக் கூரையை வரைந்தார். தெற்குப் பார்த்து 18 பேனல் என்று சோலார் கம்பெனிக்காரர் கணக்குப் போட்டிருந்தார். வருஷம் முழுக்க அதிக யூனிட் வர அதுதான் வழி.

"அண்ணா, மேற்கால பாத்து வெச்சா?"

"யூனிட் குறையும். ஆனா சாயங்காலம் வரும்."

"எத்தனை குறையும்?"

எனக்குச் சரியாகத் தெரியவில்லை. போன சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன், அவர் மேலே ஏறி மேற்குச் சரிவில் டேப்பைப் பிடித்தார். மணி ஐந்து. வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது. "பத்து பேனலுக்கு எடம் இருக்குண்ணா" என்று மேலிருந்து சத்தம் போட்டார். நான் கொட்டேஷன் காகிதத்தில் 18ஐ அடித்துவிட்டு 10 என்று எழுதினேன்.